கேர்னலும் லுணுகலையும்: பழுதறியும் கல்வி பற்றி ஒரு வாதம்

தோட்டப்புற மாணவனுக்குக் கணினியை இயக்கத் தெரிந்தாற் போதும். அது எவ்வாறு இயங்குகிறது, இயங்காதபோது ஏன் இயங்கவில்லை என்பன அவனுக்கு வேண்டாதவை என்றொரு கருத்துக் கல்வி பற்றிப் பேசுவோரிடையே வேரூன்றியுள்ளது. இதனை எவரும் மேடையில் இத்துணை வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால், கணினி அறையின் சாவி யாரிடம் இருக்கிறது, பழுதடைந்த பெட்டி எங்கே அனுப்பப்படுகிறது, பரீட்சைக்கு எது மனனம் செய்விக்கப்படுகிறது என்பனவற்றை நோக்கின் அக்கருத்தே ஆட்சி செய்வதைக் காணலாம். தோட்ட நிருவாகங்களின் கீழிருந்த பள்ளிக்கூடங்கள் ஒரு காலத்தில் ஆரம்பக் கல்வியோடு நின்றன. 1970களில் தொடங்கி அவை அரசின் பொறுப்புக்கு வந்தன. பள்ளிக்கூடம் கைமாறியது; இவர்களுக்கு இவ்வளவு போதும் என்ற அளவுகோல் கைமாறவில்லை. முன்னர் வாசிப்புக்கும் எழுத்துக்கும் வைக்கப்பட்ட அதே அளவுகோல் இன்று கணினிக்கு வைக்கப்படுகிறது.

அண்மைக் காலத்தில் இவ்வினா அவசரமானதாகவும் ஆகிவிட்டது. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்பிரல் 8 இலும், விண்டோஸ் 7 க்கான ஆதரவை 2020 சனவரி 14 இலும் நிறுத்தியது போலவே, விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவை 2025 ஒக்டோபர் 14 இல் நிறுத்திக்கொண்டது. அதன் வாரிசாகிய விண்டோஸ் 11, பாதுகாப்புக்கென ஒரு கூறையும் குறித்த தலைமுறைக்குப் பிந்திய செயலியையும் வேண்டிநிற்பது. எனவே வன்தட்டுச் சுழல்கின்ற, திரை ஒளிர்கின்ற, விசைப்பலகை வேலை செய்கின்ற கணினிகள் ஏராளமாகக் காலாவதியானவற்றின் பட்டியலிற் சேர்ந்தன. பணம் படைத்த அலுவலகம் அவற்றை மாற்றிவிடும். மாற்றிக் கழித்தவை அன்பளிப்பு என்ற பெயரோடு மலையேறுவதும் உண்டு. 2022 மார்ச்சு தொடக்கம் ரூபா, டொலருக்கு 200 என்ற அளவிலிருந்து சில வாரங்களிலே 360 என்ற அளவுக்குச் சரிந்தபோது, இறக்குமதிப் பண்டமாகிய கணினியின் விலை எங்கே போயிற்று என்பதை விளக்க வேண்டியதில்லை. 2021 இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. அக்கணக்கில் ஓர் இலட்சம் ரூபாக் கணினி நூறு நாட் கொழுந்து. அதுவும் உண்ணாமல் உடுக்காமல்.

இந்நிலையிற் பழைய கணினிக்கு உயிர் கொடுக்கும் வழியொன்று உண்டு. அதுவே லினக்ஸ். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திற் பயின்ற, இருபத்தொரு வயதினராகிய லினஸ் டோர்வல்ட்ஸ் என்ற மாணவர் தம் கணினிக்கெனத் தொடங்கிய இம்முயற்சி, மறு ஆண்டிலேயே எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் உரிமத்தின் கீழ் வெளியாயிற்று. 2017 நவம்பர் தொடக்கம் உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூற்றின் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் லினக்ஸையே இயக்குவது. அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. லயக்காம்பிராவிற் சுவரோரம் மின்னேற்றப்படும் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கேர்னலே. (கேர்னலைக் கரு என்றும் கருவகம் என்றும் மொழிபெயர்ப்போர் உளர். வாசகர் தடுக்காதிருக்கும் பொருட்டு இக்கட்டுரை வழக்கிலுள்ள சொல்லையே கைக்கொள்கிறது.)

இதனைச் சொன்னதும் எழும் ஆட்சேபம் ஒன்று உண்டு. லினக்ஸ் விளையாட்டுப் பொருள். இன்று எழும், நாளை எழாது. புதிய கேர்னலைத் தொகுத்துப் பொருத்தியபின் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி நின்றுவிட்டால் லுணுகலையில் அதை யார் பார்ப்பது? பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் வீதியில் உள்ள அவ்வூரிலிருந்து, சி.பி.யூ. என்று மக்கள் அழைக்கும் அப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் பஸ் ஏறிப் பதுளைக்குப் போக வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். ஆகவே லினக்ஸ் வேண்டாம் என்பது அவர்களின் முடிவு.

இவ்வாட்சேபத்தின் முற்பகுதி உண்மையானது. புதிய கேர்னலைப் பொருத்தியபின் யந்திரம் எழாமற் போவது உண்டு. அனுபவசாலிக்கும் நேர்வதே. ஒரு வழங்கலோடு வரும் ஆயத்தக் கேர்னல் பெரும்பாலோருக்குப் போதுமானது என்பதையும், தாமே தொகுக்க வேண்டிய தேவை எல்லோருக்கும் இல்லை என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை. கழித்துவிடப்பட்ட பழைய யந்திரங்களோடு மாரடிப்போருக்கே அத்தேவை அடிக்கடி எழும். ஆயத்தக் கேர்னல் பழைய செயலியைக் கைவிட்டிருக்கும். அல்லது அன்பளிப்பாக வந்த ஒரு கருவிக்கு அதில் இடமிருக்காது. (2013 பெப்ரவரியில் வெளிவந்த 3.8 ஆம் பதிப்பிலே 386 செயலிக்கான ஆதரவு நீக்கப்பட்டது. லினக்ஸ் பிறந்ததே அத்தகைய ஒரு யந்திரத்தில் என்பது வேடிக்கை.) ஆனால் ஆட்சேபத்தின் முற்பகுதி உண்மையாதலால் அதன் முடிவும் உண்மையாகிவிடாது. எழாத யந்திரத்தை யார் பார்ப்பது என்ற வினாவுக்கு, லுணுகலைப் பாடசாலையிற் படிக்கும் பதினாறு வயது மாணவியே பார்க்கலாம் என்பது விடை. அவளாற் பார்க்க முடியாது என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்களுக்கு மட்டுமே அவ்வினா பதிலற்றதாகத் தோன்றுவது.

கணினி எழும் வரிசையைத் தோட்டத்துப் பிள்ளைக்கு விளக்குவதற்கு வெளியூர் உவமை தேட வேண்டியதில்லை. விடிகாலைப் பிரட்டுக்களத்தை அவள் அறிவாள். முதலில் யாரோ ஒருவர் மணியடிக்க வேண்டும். மின்சாரம் பாய்ந்ததும் தாய்ப்பலகையிற் பதிந்துள்ள சிறு நிரல் விழித்து, நினைவகம் உண்டா, விசைப்பலகை உண்டா, வன்தட்டு உண்டா என்று பார்ப்பது இதற்கு ஒப்பானது. அது கிரப் எனும் தொடக்க நிரலை அழைக்கும். கிரப்பின் வேலை ஒன்றே. இன்று எந்தக் கேர்னல் பொறுப்பேற்பது என்று தெரிந்து, அதனையும், அதற்குத் துணையாக இனிட்ராம்எப்எஸ் என்ற சிறு மூட்டையையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு விலகிவிடும். பொறுப்பேற்ற கேர்னல் தன் சுருக்கத்தைத் தானே அவிழ்த்து, செயலியையும் நினைவகத்தையும் கைப்பற்றி, மூட்டையிலுள்ள செலுத்திகளைக் கொண்டு வன்தட்டை அடையாளங்கண்டு, அதிலுள்ள மூலக் கோப்பு முறைமையைத் திறந்து, முதலாவது செயன்முறைக்கு உயிர் கொடுக்கும். அதன் இலக்கம் ஒன்று. பிறகு அந்த முதலாவது ஆள் இடாப்பைக் கையிலெடுத்து, இன்ன மலைக்கு இன்னார் என்று மற்றையோரை வேலைக்கு அனுப்பும் கணக்கப்பிள்ளை போன்றது.

இவ்வரிசையில் அந்த மூட்டை எதற்காக என்பதே பலரும் தவறவிடும் இடம். புதிய கேர்னல் எழாமற் போவதற்குரிய மிகப் பொதுவான காரணமும் அங்கேதான் உள்ளது. வன்தட்டைப் படிக்கும் செலுத்தி வன்தட்டிலேயே வைக்கப்பட்டிருப்பின் கேர்னல் அதனை எவ்வாறு எடுக்கும்? ஸ்டோரின் சாவியை ஸ்டோருக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை இது. ஆகையால் இரண்டிலொன்று செய்தாக வேண்டும். அச்செலுத்தியைக் கேர்னலின் உடலோடு பிணைத்துத் தொகுக்க வேண்டும். அல்லது முன்னரே நினைவகத்தில் ஏற்றப்படும் மூட்டையில் அதனை வைக்க வேண்டும். தொகுப்பவர் இரண்டையும் செய்யாதபோது திரையில் ஒரு வசனம் நிற்கும். “கேர்னல் பானிக்” என்று தொடங்கி, “அன்ஏபிள் டு மவுண்ட் ரூட் எப்.எஸ். ஒன் அன்னோன் புளொக்” என்று போய், அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்களோடு முடியும். பானிக் என்றால் பீதி. பீதியுறுவது கேர்னல், ஆனால் அதனைக் காணும் ஆசிரியர் தாமும் பீதியுற்று மின்னாளியை அணைத்துவிடுகிறார்.

அணைக்காமல் அவ்விரண்டு எண்களை மட்டும் வாசித்திருப்பின் பாதி வேலை முடிந்திருக்கும். அவை சுழியமும் சுழியமுமாயின், கேர்னல் தனக்குச் சொல்லப்பட்ட தட்டை அறவே காணவில்லை என்பது பொருள். செலுத்தி இல்லை, அல்லது மூட்டை ஆக்கப்படவில்லை, அல்லது கிரப்பில் மூலத் தட்டின் பெயர் பிழையாக எழுதப்பட்டுள்ளது. எட்டும் ஒன்றுமாயின் நிலைமை வேறு. எட்டு என்பது சாட்டா முதலிய வன்தட்டு வகைக்குக் கேர்னல் இட்டிருக்கும் எண்; ஒன்று அதன் முதலாவது பிரிவு. அதாவது தட்டைக் கேர்னல் கண்டுவிட்டது. அதன் மீதுள்ள கோப்பு முறைமையின் எழுத்து வகையை மட்டும் அதற்கு வாசிக்கத் தெரியவில்லை. முன்னையது வீடே தெரியாத நிலை. பின்னையது வீட்டைக் கண்டும் கதவைத் திறக்கத் தெரியாத நிலை. இவ்வேறுபாட்டைப் புரிந்துகொள்வதற்குப் பொறியியற் பட்டம் வேண்டுமென்று சொல்பவர் அதனை ஒருமுறையேனும் ஒரு மாணவிக்கு விளக்கிப் பார்த்தவராக இருக்க முடியாது.

ஏனைய காரணங்களும் இவ்வாறே ஒவ்வொன்றும் தத்தம் அடையாளத்தோடு வருவன. கேர்னலைப் பொருத்தியவர் அதற்குரிய கூறுகளைப் பொருத்தும் கட்டளையை மறந்திருந்தால், யந்திரம் எழும், ஆனால் வலையமைப்போ ஒலியோ இராது. விரைவாக முடிக்கும் பொருட்டு, அந்நேரத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் செலுத்திகளை மட்டும் எடுத்துக்கொள் என்று கட்டளையிட்டுத் தொகுப்போரும் உளர். பதினாயிரத்துக்கும் மேற்பட்ட தெரிவுகளிடையே இது கவர்ச்சியான குறுக்குவழிதான். ஆனால் அன்று செருகப்படாதிருந்த பென்டிரைவின் செலுத்தியும் விடுபட்டுப்போகும். ஒருநாள் பிரட்டுக்கு வராதவனின் பெயரை இடாப்பிலிருந்தே வெட்டிவிட்டது போல. இவற்றைவிடப் பழைய கேர்னலின் தெரிவுக் கோப்பைப் பிரதியெடுத்து, அதிலிருந்து தொடங்கி, மாற்ற வேண்டிய ஒன்றை மட்டும் மாற்றுவதே அறிவுடைமை. புதிய யந்திரங்களில் இன்னுமொரு தடை உண்டு: கையொப்பமிடப்படாத கேர்னலைத் தாய்ப்பலகையே ஏற்க மறுக்கும். இதனை அதன் அமைப்பிற் சென்று நீக்கலாம். அல்லது கேர்னலுக்குக் கையொப்பமிடக் கற்கலாம்.

மலைநாட்டுக்கென்றே சிறப்பாக அமைந்த காரணங்கள் இரண்டு. ஒன்று மின்வெட்டு. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை நாடு மறந்திருக்காது. அத்தகைய பெருவெட்டு இல்லாத காலத்திலும் மழையும் காற்றும் முறிந்த மரமும் மின்கம்பியை விட்டுவைப்பதில்லை. மூட்டை எழுதப்பட்டுக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் பாதி மூட்டையே தட்டில் இருக்கும். பாதி மூட்டையோடு எழ முயலும் யந்திரம் எழாது. மற்றையது நாணய வடிவிலான அந்தச் சிறு மின்கலம். பழைய கணினியில் அது செத்துப்போயிருக்கும். அப்போது தாய்ப்பலகை தன் அமைப்புகளையெல்லாம் மறந்து, தொழிற்சாலையில் இட்ட நிலைக்குத் திரும்பும். நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கி ஓடும். வன்தட்டோடு பேசும் முறை மாறும். நேற்று எழுந்த யந்திரம் இன்று எழாது. குற்றமற்ற கேர்னல் மீது பழி விழும். கடிகாரக் கடையிலும் விற்கும் ஒரு மின்கலத்தோடு முடியக்கூடிய காரியத்துக்காக அப்பெட்டி பதுளைக்குப் பிரயாணம் செய்யும்.

இவ்வனைத்திலும் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? கிரப்பின் பட்டியலில் பழைய கேர்னல் அழிக்கப்படாமல் இருக்குமாயின், புதியது எழாதபோது பழையதைத் தெரிந்து எழுப்பி, நிதானமாகக் காரணம் தேடலாம். தோற்றால் திரும்பிப்போக ஓர் இடம் உண்டு என்ற துணிவோடு பரிசோதனை செய்யும் வாய்ப்பைத் தோட்டத்துப் பிள்ளைக்கு வாழ்க்கையில் வேறெந்தத் துறை தருகிறது? ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்க, செய்ததைக் கொப்பியிற் குறித்துவைக்க, அடுத்த முறை எழுப்பிப் பார்க்க என்ற ஒழுங்கு எந்த விஞ்ஞானக் கூடத்துக்கும் குறைந்ததன்று. சரியாக இயங்கிய பதிப்புக்கும் பழுதான பதிப்புக்கும் இடையில் ஆயிரம் மாற்றங்கள் நிகழ்ந்திருப்பினும், நடுவிலுள்ளதை எடுத்துச் சோதித்து, பழுது எப்பாதியில் உள்ளதென்று கண்டு, மறுபாதியை ஒதுக்கிக்கொண்டே சென்றாற் பத்துச் சோதனையிற் குற்றவாளி அகப்படும். இரண்டின் பத்தாம் வலு 1,024 என்று கரும்பலகையில் மனனம் செய்யும் மாணவிக்கு அவ்வலு என்ன செய்ய வல்லது என்பதை இவ்விடத்திலன்றோ காட்ட வேண்டும்? க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடம். பணிசெயல் முறைமையின் பணிகள் எவை என்று அதில் வினவப்படும். விடையாக ஒரு நிரல் எழுதப்பட்டுப் புள்ளியும் கிடைக்கும். அப்பணிகளில் ஒன்று தடைப்பட்டால் யந்திரம் என்ன சொல்லும் என்று எவரும் வினவுவதில்லை.

மூடிய முறைமைகளும் பிழை நேரும்போது ஓர் எண்ணைக் காட்டத்தான் செய்கின்றன. நீலத் திரையை அறியாதார் இல்லை. ஆகவே ஒன்று பேசும், மற்றையது ஊமை என்று வாதிடுவது மிகை. வேறுபாடு அதற்கு அப்பால் உள்ளது. லினக்ஸ் திரையில் நின்ற வசனத்தை எடுத்து, மூன்று கோடிக்கும் மேற்பட்ட வரிகள் கொண்ட அதன் மூல நிரலிலே தேடினால், அவ்வசனத்தை எழுதிய வரியே அகப்படும். எந்நிபந்தனையில் அது எழுதப்படுகிறது என்பதும் அதற்கு மேலுள்ள சில வரிகளில் தெரியும். நீலத் திரையின் எண்ணைப் பின்தொடர்ந்து செல்பவன் ஓரிடத்தில் நிறுவனத்தின் மதிலில் முட்டி நிற்பான். மதிலுக்கு இப்பால் அவன் வாடிக்கையாளன், அவ்வளவே. தோட்டத்து மக்களுக்கு மதிலுக்கு இப்பால் நிற்பது பழக்கமான நிலைதான். துரையின் பங்களாவும் ஒருகாலத்தில் மதிலுக்கு அப்பால்தான் இருந்தது. அப்பழக்கத்தைக் கணினிக் கல்வி என்ற பெயரிலும் ஊட்ட வேண்டுமா என்பதே இங்கு வினா.

லுணுகலையின் பெயர் 2021 இல் உலகச் செய்திகளில் அடிபட்டது. பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டு இணையவழிக் கல்வி நடந்த காலம் அது. கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிட்டாமையால், அப்பகுதிப் பிள்ளைகளைப் பெரியவர்கள் மலையுச்சியில், வன ஒதுக்கத்தில், நிலத்திலிருந்து ஏறக்குறைய முப்பது அடி உயரத்தில் அமைந்த மரக்குடிலுக்கு அழைத்துச் சென்றனர். அங்கே முறைவைத்துப் பாடங்களை இறக்கிக்கொண்டு, செய்த பயிற்சிகளை ஏற்றியனுப்பினர். படம் பிடித்தோர் அதனை விடாமுயற்சியின் சின்னமாக்கினர். பிள்ளைகள் படத்தில் அழகாகவே இருந்தனர். மரமேறாமற் கற்கும் உரிமை அவர்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டோர் தொகை குறைவு.

இந்நிகழ்ச்சி இவ்வாதத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. யந்திரம் எழாதபோது இணையத்திற் தேடுக என்பது நகரத்தவரின் அறிவுரை. எழாத யந்திரத்திலிருந்து இணையத்துக்குப் போக முடியாது. கைத்தொலைபேசியிற் தேடுவதென்றால் முப்பது அடி ஏற வேண்டும். ஏறித் தேடினாலும் கிட்டுவது ஆங்கிலம். ஆகையால் பழுதறியும் அறிவு அக்கணினி அறையிலேயே, தாளிலும் தட்டிலும், தமிழில் இருக்க வேண்டும். லினக்ஸின் மூல நிரலோடு அதன் விளக்கக் குறிப்புகளும் ஒரே பொதியாக வருவன. ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையமின்றியே வாசிக்கலாம். ஆனால் அவை தமிழில் இல்லை. தமிழ் எழுத்துகள் உலகப் பொதுக் குறிமுறையாகிய யூனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே, லினக்ஸ் தொடங்கிய அதே 1991 இல், இடம்பெற்றன. எழுத்து அன்றே வந்துவிட்டது. வர வேண்டிய பொருளே இன்னும் வரவில்லை.

இவ்விடத்தில் இரு சாராரோடு வழக்காட வேண்டியுள்ளது. ஒரு சாரார், பழுதறிதல் ஆங்கிலத்திற்குரிய காரியம், தமிழில் அதைச் சொல்ல முயல்வது வீண் என்பர். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மனித உடலின் பழுதைத் தமிழில் அறிய முடிந்ததாயின் தகரப் பெட்டியின் பழுதை அறிய முடியாதா? 1960 அளவிலே இந்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் கலைப்பாடங்கள் தாய்மொழிகளிற் கற்பிக்கப்படத் தொடங்கியபோதும் இதே எதிர்ப்பு எழுந்தது. இன்று அதே கலைப்பீடங்களில் தமிழிற் பயில்வோரே அவ்வெதிர்ப்பை வேறு துறைக்கு எடுத்தாள்வது விசித்திரம்.

மறுசாரார் தூய்மையாளர். எதனையும் தனித்தமிழாக்கிய பின்னரே கற்பிக்கலாம் என்பது அவர்கள் நிலைப்பாடு. இலங்கைப் பாடநூல் பணிசெயல் முறைமை என்பதைத் தமிழ்நாட்டார் இயக்க முறைமை என்றும் இயங்குதளம் என்றும் வழங்குவர். எது சரியென்ற விவாதம் நடந்துகொண்டேயிருக்க யந்திரம் எழாமலே கிடக்கும். கேர்னலின் பிழைச் செய்தியை மொழிபெயர்ப்பதில் நன்மையும் இல்லை. அச்செய்தி உள்ளவாறே இருந்தாற்றான் ஹெல்சிங்கியிலும் ஹொப்டன் தோட்டத்திலும் அதனைக் கண்டவர் ஒரே பழுதைப் பற்றிப் பேசுகிறோம் என்று அறிய முடியும். தமிழில் வேண்டுவது அச்செய்தியின் விளக்கம். பஞ்சாங்கத்திலுள்ள குறியீட்டை எவரும் மொழிபெயர்ப்பதில்லை. அதை வாசிக்கும் முறையைப் பாட்டன் பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பட்டியல்களையும் பொத்தான்களையும் மட்டும் தமிழாக்கிவிட்டு, பிழை நேரும் இடத்தில் மாணவியைக் கைவிடும் தமிழாக்கம் வாசற்படியோடு நின்றுபோன தமிழாக்கம்.

லினக்ஸ் ஆர்வலரும் கண்டனத்துக்கு விலக்கானவர் அல்லர். இந்நாட்டவர் இத்துறையிற் செய்த காரியங்கள் சிறியன அல்ல. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையை அடுத்து அனர்த்த நிவாரணத்துக்கென இங்கு உருவான சஹானா எனும் கட்டற்ற மென்பொருளைப் பிறநாடுகளும் பயன்படுத்தின. பேராதனைக்கு மேலுள்ள ஹந்தானை மலையின் பெயரால் ஒரு லினக்ஸ் வழங்கலே ஆக்கப்பட்டது. ஆயினும், ஒருநாள் வந்து பத்துக் கணினிகளில் லினக்ஸை நிறுவி, படமெடுத்துக்கொண்டு போய்விடும் தொண்டு, மறுநாள் எழும் பழுதுக்கு எவரையும் ஆயத்தப்படுத்துவதில்லை. அதனால் அடுத்த மாதமே யாரேனும் திருட்டு விண்டோஸ் தட்டொன்றைக் கொண்டுவந்து அனைத்தையும் அழித்துவிடுவர். அதற்கு அப்பாடசாலை ஆசிரியரைக் குறைகூறுவது அநீதி. தெரியாத ஒன்றை அவர் தலையிற் கட்டிவிட்டுப் போனவர்களே பொறுப்பாளிகள். கேர்னல் தொகுத்தலைத் தம் வீரத்தின் அடையாளமாகக் காட்டித் திரியும் வேறொரு கூட்டமும் உண்டு. அவர்களிடம் பழுதைப் பற்றிக் கேட்டால் நூலைப் படி என்பர். அந்நூல் எம்மொழியில் உள்ளது என்று அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

இவற்றிற் கலைப்பீடத்தாருக்கு என்ன அலுவல் என்று வினவுவோருக்கு ஒரு சொல். கேர்னலைத் திருத்துவது அவர்கள் வேலையன்று. ஒரு செய்தியை உற்று வாசிப்பது, அதிற் கூறப்பட்டதையும் கூறப்படாததையும் பிரிப்பது, காரணத்தையும் காரியத்தையும் வரிசைப்படுத்துவது, பிறருக்கு விளங்கும் உரைநடையில் எழுதுவது ஆகியன அவர்கள் வேலை. ஒரு சூத்திரத்துக்குப் பொருள்கோள் கூறவும் பதவுரை எழுதவும் பயிற்சி பெற்றவர்களுக்கு இரண்டு எண்களோடு முடியும் ஒரு வசனத்துக்கு உரை எழுதுவது இயலாத காரியமன்று. பதுளையிலே 2005 இல் தொடங்கிய ஊவா வெல்லச பல்கலைக்கழகமும் உண்டு. யந்திரம் அறிந்தோர் அங்கும் உளர், ஏனைய பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான, பொறியியற் பீடங்களிலும் உளர். மொழி அறிந்தோர் தமிழ்ச் சங்கங்களில் உளர். இவ்விரு சாராரும் ஒரு மேசையில் அமராமையே குறை.

பரீட்சைக்கு உதவாத ஒன்றில் மாணவரின் நேரத்தைச் செலவிடுவதா என்பது பெற்றோர் கேட்கக்கூடிய நியாயமான வினா. முழு வகுப்பையும் கேர்னல் தொகுக்கச் சொல்வது இவ்வாதத்தின் நோக்கமன்று. பழைய யந்திரத்தில் ஒரு தொகுப்பு முடியப் பல மணித்தியாலம் செல்லும். பாடசாலைக்கு ஒரு கணினி, கெட்டாலும் பாதகமில்லை என்று ஒதுக்கப்பட்ட ஒன்று, வாரத்தில் ஒரு பிற்பகல், விருப்பமுள்ள நால்வர் என்பதே போதுமான தொடக்கம். அவர்கள் கையில் நாற்பது பக்கத்துக்கு மேற்படாத ஒரு தமிழ்க் கைந்நூல் இருக்க வேண்டும். முதலாம் பக்கத்திலே பழைய கேர்னலை அழிக்காதே என்றும், கிரப் பட்டியலை எவ்வாறு வரவழைப்பது என்றும் இருக்கட்டும். திரையை மறைக்கும் அலங்காரப் படத்தை நீக்கிச் செய்திகளை ஓடவிடும் முறை இரண்டாம் பக்கத்தில். பின்னர் பிழைச் செய்தி ஒவ்வொன்றும் உள்ளவாறே, கீழே அதன் தமிழ் உரையும், பார்க்க வேண்டிய இடமும், செய்து பார்த்த திருத்தத்தைக் குறிக்க வெறுமையான சில கோடுகளும். அக்கோடுகள் நிரம்பியபின் அடுத்த பதிப்பை எழுத வேண்டியவர்கள் அந்நால்வரே. வருடந்தோறும் விழாவுக்கும் மலருக்கும் பணம் திரட்டும் தமிழ்ச் சங்கங்கள், அவ்வாறு திரட்டியதில் ஒரு பங்கை இக்கைந்நூலின் முந்நூறு பிரதிகளுக்கு ஒதுக்கி, பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பாடசாலைகளுக்கு முதலிற் சேர்ப்பிக்கட்டும். பிரதியோடு ஒரு நாணய மின்கலத்தையும் சேர்த்தனுப்புவது நல்லது.